அக்கா கேட்ட மண்

அக்கா இறந்த அன்றைக்கு நான் முதலில் அழவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டேன்.

காலை ஐந்தரை மணி இருக்கும். கார்த்திகை மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வரக்காப்பி போட்டு எடுத்துப்போய் எழுப்பினால் அக்கா அசையவில்லை. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. மலைமேல் இருக்கிற எங்கள் கவுஞ்சியில் அந்த மாதத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் கையும் அப்படித்தான் இருக்கும் என்பதால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் போனேன்.

தாழ் போட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு சாவுச் சேதி வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது வீட்டாருடையது இல்லை. ஒருத்தர் மேளத்துக்கு ஃபோன் போடுவார், இன்னொருத்தர் பந்தல்காரரைக் கூப்பிடுவார், நாலு பேர் கோடாலியைத் தூக்கிக்கொண்டு விறகுக்குக் கிளம்பிவிடுவார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான் செய்வார்கள். அக்காவை எரிக்க வேண்டாம், அவள் வேறொன்று கேட்டிருக்கிறாள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பாதி விறகு சுடுகாட்டில் அடுக்கியாகியிருக்கும். எனக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. அதற்குள் அக்கா மகனிடம் பேசிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சொன்னேன். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருபத்தைந்து வருஷமாக என் சண்டைகளில் தலையிடாமல் இருந்தே உடம்பைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். இருபத்தேழு வயது. அந்த நேரத்தில் சித்தி கூப்பிட்டால் என்ன சேதி என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மாவா சித்தி?"

"ஆமாப்பா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். "மொத பஸ்ஸப் பிடிச்சுர்றேன். மூணு மணிக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் எடுத்துராதீங்க. வெறகு மட்டும் காஞ்சதாப் பாத்து வைக்கச் சொல்லுங்க சித்தி, மழையா இருக்கு."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம். எனக்கு நாக்கு எழவில்லை. ஊரெல்லாம் என்னை வாயாடி என்று சொல்லும். அந்த வாய் அன்றைக்கு, "சரிப்பா, வெரசா வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அக்கா கேட்டது இதுதான். தன்னை எரிக்கக் கூடாது. எங்கள் தோட்டத்து மக்கு உரக் குவியலுக்குள் தன்னை வைத்து மண்ணாக்கிவிட வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். முதலில் கேட்டபோது எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் அக்கா பித்துப்பிடித்துப் பேசியவள் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பா இறந்தபோதும் இதே மாதிரி மழை. விறகு பூராவும் ஈரம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது, ஆனால் எங்கள் மேல்வயலில் நின்றால் சுடுகாடு நேர் கீழே தெரியும். அக்காவும் நானும் அங்கே நின்றோம். மூன்று தடவை பற்றவைத்தும் தீப் பிடிக்கவில்லை. கடைசியில் பழைய ஜீப் டயர்களை மேலே வைத்து டீசலை ஊற்றினார்கள். கரும்புகை கிளம்பி, மேலே போகாமல் மூடுபனியில் முட்டி, நாங்கள் நின்ற பக்கமே வந்தது. அந்த நாற்றத்தோடுதான் எங்கள் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா பொத்தவில்லை. அப்படியே நின்று கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, "என்னைய இப்படிப் பண்ணிராதடி" என்றாள்.

அடுத்த வருஷம் எங்கள் செவலைப் பசு செத்தது. குழி வெட்ட ஆள் கூப்பிடப் போனேன், அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். மரத்தூளை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, பசுவை அதன்மேல் கிடத்தி, வைக்கோலும் பூண்டுத் தாளும் சீகை மரத்து இலையும் போட்டு, சாணியைக் கரைத்துத் தெளித்து மூடினோம். எங்கள் குளிருக்குச் சின்னக் குவியல் சூடேறாது என்று ஆள் உயரத்துக்குப் போட்டாள். அவ்வப்போது ஒரு கம்பியைச் செருகி வைத்து, உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். எட்டு மாதம் கழித்துத் திறந்தோம். நாற்றமே இல்லை. பெரிய எலும்புகள் மட்டும் கிடந்தன, அவையும் கையால் பிட்டால் டீக்கடைப் பொரை மாதிரி நொறுங்கின. அந்த மண்ணைப் பட்டர் ஃப்ரூட் மரங்களுக்குப் போட்டோம். மறு காய்ப்பில் பழத்தை வாங்கித் தின்றவர்கள் எல்லாம் என்ன உரம் என்று கேட்டார்கள். மாட்டு எரு என்றாள் அக்கா. அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஃபோனில் ஒரு வீடியோவை எனக்குக் காட்டினாள். ஏதோ வெளிநாட்டில் மனிதர்களையே அப்படிச் செய்கிறார்கள். பெரிய பெட்டிக்குள் மரத்துண்டும் வைக்கோலும் போட்டு, உடம்பை நடுவே வைத்து மூடி, மண்ணான பிறகு வீட்டுக்காரர்களிடம் மூட்டையாகக் கொடுத்துவிடுகிறார்கள். புகை கிடையாது, மரம் வெட்ட வேண்டாம். அதில் ஒரு பெரியவர் தன் பெண்சாதி மண்ணை ரோஜாச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபோனைத் தள்ளிவிட்டேன். "மாட்டுக்கு ஆகுறது மனுசிக்கு ஆகாதாடி?" என்று கேட்டாள் அக்கா.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். இந்த வருஷம் ஆவணியில், இனி ஊசி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த மறுநாளே தோட்டத்து ஓரத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் குவியல் போட்டேன். இவ்வளவு மரத்தூள், இவ்வளவு இலை, நடுவில் ஆள் நீளத்துக்குப் பள்ளம். தன் நீளத்தைக் கயிற்றில் அளந்து என் கையில் கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ எங்கேயும் போகப்போவதில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று கத்தினேன்.

"போவேன்டி. கத்தாம கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாள்.

அடித்துக்கொடுத்தேன். அந்தக் கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. மகனிடம் நீயே சொல்லிவிடு என்றேன். சொல்கிறேன், சொல்கிறேன் என்றே நாளை ஓட்டிவிட்டாள். பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்ல அவளுக்கும் தைரியம் வரவில்லை.

ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. எங்கள் பெரியப்பா மகன்தான் ஊருக்குப் பெரியவர். எனக்கு அண்ணன் முறை. கெட்டவர் இல்லை, ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் முகம் பார்க்க மாட்டார். ஏழு மணிக்கெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்க ஆரம்பித்தார். நான் அவரைத் தோட்டத்துப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். மழைக்குள்ளும் குவியலிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

"இதுக்குள்ளயா?"

"ஆமாங்கண்ணே. அக்கா கேட்டுக்கிட்டது."

"நீ சுயபுத்தியோடதான் பேசுறியா புள்ள?" என்றவர் குரலை இறக்கினார். "சுத்தி நாலாபக்கமும் பூண்டு நட்டுக் கெடக்கு. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும், பொணந்தின்னிப் பூண்டுன்னு பேரு வச்சிருவான். அது உன் வயலோட நிக்குமா? ஊரு மொத்தமும் தெருவுல நிக்கணும்."

"கோழிக் கழிவு லாரி லாரியா வந்து எறங்குதே, அதுக்கு ஒருத்தனும் பேரு வைக்கலயேண்ணே."

"கோழியும் நம்ம வீட்டுப் பொம்பளையும் ஒண்ணா?"

பூண்டு விஷயத்தில் அவர் சொன்னது ஞாயம்தான். மலைப்பூண்டு என்ற பேரை வைத்துத்தான் எங்கள் ஊரே சாப்பிடுகிறது. அது எனக்கே தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். தோட்டத்தில் வேண்டாம், வேறு எங்கேயாவது ஆழமில்லாமல் குழி எடுத்து, இந்த உரத்தைக் கீழேயும் மேலேயும் போட்டு வைத்துவிடுகிறேன், அப்படியும் மண்ணாகிவிடுவாள், நெருப்பு மட்டும் வேண்டாம் என்றேன்.

"தாலி ஏறுன பொம்பளையப் பொதைக்கிற வழக்கம் நம்ம ஊருல இருக்கா? உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவர்களை எரிப்பார்கள். கல்யாணம் ஆகாமல் போனவர்களையும் குழந்தைகளையும் காட்டோரத்தில் அதற்கென்று விட்டிருக்கிற நிலத்தில் புதைப்பார்கள். அந்தச் சாவுக்கு மொட்டை கிடையாது, கொள்ளி கிடையாது, பதினாறாம் நாள் காரியமும் கிடையாது. மண் போடுவதோடு முடிந்துவிடும்.

"கொள்ளி வைக்கிறவன் வரட்டும். அவன்கிட்டச் சொல்லிப் பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் விறகைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணிவரைக்கும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுதால் அழுதேன். காது மட்டும் பஸ் ஹாரனுக்கே காத்திருந்தது. கவுஞ்சிக்கு வருகிற பஸ் மழைநாளில் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றே காலுக்கு வந்தான். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது ஓயும்வரை பொறுத்திருந்து மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"எங்கம்மாவ எருக்குழியில போடணுங்கிறீங்களா?"

"நான் சொல்லலப்பா. அவ கேட்டா."

"எங்கிட்டக் கேக்கலயே."

கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவனே தொடர்ந்தான்.

"எனக்கு அப்பன்தான் இல்ல. அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறதாவது எனக்கு இருக்கட்டும் சித்தி. சாம்பல ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைக்கணும்னு பஸ்ஸுல நெனச்சுக்கிட்டே வந்தேன். அதுகூட இல்லன்னா நான் எதுக்கு மவன்னு இருக்கேன்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். அவன் அப்படிப் பேசியதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் அப்பா எங்கள் ஊருக்கு முட்டைக்கோஸ் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர். அக்காவுக்கு மலைக்குக் கீழே ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். கல்யாணத்தன்று அப்பாவுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. துணி எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு அக்காவோடு போன நான் ஒருத்திதான் கூட நின்றவள். பையன் பிறந்து மூன்றாம் மாதம் அந்த ஆள் லோடோடு போனவர்தான், திரும்பவில்லை. அவருக்குக் கீழே வேறொரு குடும்பம் இருந்தது பிறகு தெரிந்தது. ஊர் கூடியது. தாலி கட்டியதை யார் பார்த்தது என்று கேட்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில், நான் பார்த்தேன் என்று சொன்னேன். என் ஒரு சொல்லை நம்பி ஊர் அவனை ஏற்றுக்கொண்டது. பெரியவனானதும் எங்கள் அப்பா வீட்டுத் தலைக்கட்டாக அவன் பேரை எழுதினார்கள். கோயில் திருவிழாவுக்கு அவன் பேரில் வரி வாங்குகிறார்கள், கூட்டத்தில் உட்காரச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தன் ஊர்க்காரன் என்பதற்கு அதுதான் அடையாளம். பக்கத்து ஊர் பூம்பாறையில் அவனுக்கு ஒரு பெண்ணும் பேசி முடியும் தறுவாயில் இருந்தது.

நாலு மணிக்கு வாசல் தார்ப்பாய்க்குக் கீழே ஆண்கள் கூடினார்கள். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். நான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, அக்காவைப் புதைக்க விடுங்கள், அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான் என்று சொன்னேன். முணுமுணுத்தார்கள். ஒருத்தர் சிரிக்கக்கூடச் செய்தார். அண்ணன் கையமர்த்தினார்.

"பொதைக்கணும்னா ஒரு வழி இருக்கு" என்றார். "இவளுக்குத் தாலி கட்டுனத ஊருல எவரும் பாக்கல. நீ ஒருத்திதான் பாத்தேன்னு சொன்ன. அது பொய்யின்னு இப்ப சொல்லு. தாலி ஏறாத சாவா எடுத்துட்டுப்போய்க் காட்டோரத்துல வச்சிரலாம். நீ என்ன உரத்தப் போட்டாலும் கேக்க ஆளில்ல."

இதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதான் அவர் சொன்னார். ஊர் வழக்கம் தாலியைத்தான் பார்க்கும், வயிற்றைப் பார்க்காது. தாலி இல்லை என்றால் பிள்ளையும் பிள்ளை இல்லை. தலைக்கட்டு போகும், பூம்பாறைச் சம்பந்தம் போகும், அவனை இனி எவனும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கூப்பிடலாம்.

நான் அக்காவைப் பார்த்தேன். தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். சத்தியம் பண்ணிய வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவனைப் பார்த்தேன். சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றான், காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. சத்தமில்லாமல் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னால் முடியாதடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கல்யாணம் நடந்துச்சுங்கண்ணே. நான் என் கண்ணால பாத்தேன். அதுல மாத்தமில்ல."

"அப்பப் பேச்சு முடிஞ்சது. பாடையக் கட்டுங்கப்பா" என்றார் அண்ணன்.

ஆட்கள் எழுந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஜீப் ஷெட் பக்கமிருந்து இரண்டு பேர் நாலு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பாடைக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். டயர்களுக்குள் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் சளசளவென்று வாசலில் கொட்டியது.

"இது எதுக்கு மாமா?" என்று கேட்டான் அக்கா மகன்.

"வெறகு நனஞ்சு கெடக்குல்ல மாப்ள. தீப் பிடிக்கணும்ல" என்றார் அண்ணன்.

அவன் டயரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் தாத்தா இறந்தபோது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன், வந்து சேரும்போது வெறும் சாம்பல்தான் இருந்தது.

"தாத்தாவுக்கும் இதத்தான் வச்சாங்களா சித்தி?"

"ஆமாப்பா. உங்கம்மா மேல்வயல்ல நின்னு முழுசும் பாத்தா. அன்னைக்குக் கேட்டதுதான், என்னைய இப்படிப் பண்ணிராதன்னு."

அவன் அம்மாவிடம் போனான். குனிந்து முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈ எதுவும் இல்லை, ஆனாலும் கையால் ஓட்டுவது போல் ஓட்டினான். திரும்பி வந்து அண்ணன் எதிரில் நின்றான்.

"மாமா, சித்தி சொன்னது பொய்."

"என்னலே?"

"எங்கம்மாவுக்குத் தாலி ஏறல. அம்மாவே எங்கிட்டச் சொல்லிருக்கு. சித்தி எனக்காகத்தான் அன்னைக்கு அப்படிச் சொல்லிருச்சு. பொதச்சிருவோம்."

நான் எழுந்து ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். பொய் பேசாதடா, பிள்ளையார் கோயிலில் நான்தானடா தேங்காய் உடைத்தேன் என்று கத்தினேன். என் கையைப் பிரித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருங்க சித்தி" என்றான். சின்ன வயசிலிருந்து ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியவன் இல்லை.

அண்ணன் முகம் மாறிவிட்டது. அவர் என்னைத்தான் மடக்க நினைத்தார், அவனை இல்லை. "மாப்ள, வெளங்கித்தான் பேசுறியா? சபையில சொன்னா சொன்னதுதான். வைகாசித் திருவிழாவுக்கு உன் பேரு இருக்காது."

"தெரியும் மாமா."

"பூம்பாறைக்காரங்க காதுக்குப் போகும்."

"போகட்டும். அந்த டயர எடுக்கச் சொல்லுங்க."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோட்டத்துக் குவியலைப் பிரித்து மூட்டை கட்டினோம். நடுவில் இருந்த உரம் கையைச் சுட்டது. சுமந்துபோனவர்கள் முதுகில் மூட்டை ஆவி விட்டதைப் பார்த்துப் பெண்கள் பயந்து விலகினார்கள். நான் காட்டோரத்துக்குப் போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். என்னைத் தடுக்கிறவன் முன்னால் வரட்டும் என்றேன். எவரும் வரவில்லை.

குழி வெட்டுகிறவர் ஆறடிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். மூன்றடிக்கு மேல் போகாதீர்கள், அதற்குக் கீழே உடம்பை மண்ணாக்குகிற புழுவே கிடையாது, அக்கா தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் என்று சண்டை போட்டேன். காட்டுப்பன்றி தோண்டிவிடும் என்றார். கல்லும் முள்ளும் போடுவோம் என்றேன். முனகிக்கொண்டே பாதிக் குழியைத் திரும்ப மூடினார். அடியில் மரத்தூள், அதன்மேல் சூடான உரம், இலை. அக்காவைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி இறக்கினோம். பெட்டி இல்லை, உப்பு இல்லை. அவள் கேட்டதில் முக்கால்வாசி நடந்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால், மொட்டை போட வந்து காலையிலிருந்து காத்திருந்த நாவிதர் கூடவே நடந்து வந்து ஒரு கல்லுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். வழக்கம் மாறிப்போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா மகன் நேராகப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, தலையை அவருக்கு நேராகக் குனிந்து கொடுத்தான். தாலி ஏறவில்லை என்று சபையில் சொன்னது அந்த நேரத்தில் அவனுக்கே மறந்துவிட்டது. நாவிதர் தண்ணீரைத் தொட்டு அவன் தலையில் வைத்தார்.

அண்ணன்தான் போய் அவன் தோளைத் தொட்டார். "எந்திரி மாப்ள. இந்தச் சாவுக்கு மொட்டை கெடையாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஈரமான தலைமயிரைக் கையால் ஒரு தடவை தடவினான். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான், பொத்தான் மாற்றிப் போட்டான். நான் என் அக்காவுக்கு மண் கேட்டேன். அந்தப் பிள்ளையிடமிருந்து அம்மாவைப் பிடுங்கவா கேட்டேன்? அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்றைக்கு நான் நிஜமாக அழுதது அப்போதுதான்.

மண் போடும் நேரம் வந்தது. பெற்ற பிள்ளை என்றால் மூன்று கைப்பிடி, முதலில் போட வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்று. அவன் முதலில் போகவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் போட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று, கடைசியாக வந்து ஒரே ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டான். குழியை மூடுவது வெட்டியவருடைய வேலை. அவர் மண்வெட்டியை எடுத்தபோது அவன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

வேறு யாரும் மூடக் கூடாது என்று வழக்கம் எதுவும் சொல்லவில்லை. மிச்சமிருந்த உரத்தை முதலில் கையாலேயே பரப்பினான், முகத்துப் பக்கம் மெதுவாக. பிறகு மண்ணை இழுத்துப் போட ஆரம்பித்தான். மழை வலுத்தது, பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். அவன் நிறுத்தவில்லை. பாதிக் குழி மூடியபோது அண்ணன் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு வந்தார். "குடு மாப்ள, நான் கொஞ்சம் போடுறேன்" என்றார்.

அவன் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.